சக்கரத்தை ஒட்டிப் போவதில் என்ன வெட்கம்?

அன்புள்ள மகளுக்கு,

சைக்கிள் ரோடு ரேஸ் முடிந்து நீ பேசியபோது குரலில் களைப்பைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது. "பாதி நேரம் நான்தான்பா முன்னாடி ஓட்டினேன். பின்னாடி சும்மா உட்கார்ந்து வந்தவங்க கடைசி ஏற்றத்துல என்னைத் தாண்டிப் போயிட்டாங்க. இது என்ன நியாயம்?" என்று கேட்டாய். அந்த நேரத்தில் நான் எதைச் சொல்லியிருந்தாலும் உனக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நியாயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு சீசன் முழுக்க நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் ஓட்டினாய். அங்கே சைக்கிளில் முன்னால் போகிறவரை நெருங்குவதே குற்றம். நீண்ட தூரப் பந்தயங்களில் 12 மீட்டர் இடைவெளி விடச் சொல்வார்கள். அதற்குள் நுழைந்துவிட்டால் தாண்டியே ஆக வேண்டும், அதற்கும் நொடிக் கணக்கு உண்டு. மீறினால் அபராதமாக சில நிமிடங்கள் நின்றுவிட்டுத்தான் போக முடியும். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால், அடுத்தவர் சக்கரத்தை ஒட்டிப் போவது ஏமாற்று வேலை என்று உடம்பே நம்ப ஆரம்பித்துவிடும். (ஒலிம்பிக் ட்ரையத்லானில் 2000 சிட்னியிலிருந்தே ஒட்டிப் போகலாம் என்பது வேறு விஷயம். நீ ஓட்டியது அந்த வகை இல்லையே.)

எல்லாரும் ஒன்றாகக் கிளம்பிக் கூட்டமாக ஓட்டுகிற ரோடு ரேஸில் அது குற்றமில்லை, அதுதான் ஆட்டமே. உன் பின்னால் வந்தவர்கள் சோம்பேறிகளும் இல்லை, திருடர்களும் இல்லை. காற்றுக்கு மறைவை நீ கொடுத்தாய், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். உன்னை முன்னால் நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை அல்லவா?

காற்று என்ன விலை கேட்கும் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒருமுறை யோசித்துப் பார். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டுமானால், காற்றை எதிர்க்கிற சக்தியை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 121 பேர் கொண்ட நெருக்கமான கூட்டத்தைக் கணினியிலும், சின்ன மாதிரிகளை வைத்துக் காற்றுச் சுரங்கத்திலும் சோதித்துப் பார்த்தார்கள். கூட்டத்தின் உள்ளே, பின்பக்கமாக இருப்பவர்மேல் விழும் காற்றுத் தடை, தனியாக ஓட்டுபவர்மேல் விழுவதில் 5 முதல் 10 சதவீதம்தானாம். நிஜ ரேஸில் கூட்டம் கலையும், பக்கக் காற்று அடிக்கும், அவ்வளவு கிடைக்காது. ஒருவர் பின்னால் மட்டும் போனாலே லாபம் கணிசம். அந்த லாபத்தை வாங்க மறுத்துவிட்டு, கடைசி ஏற்றத்தில் கால் ஏன் வரவில்லை என்று கேட்கிறாய்.

மிதிக்கிற சக்தியை வாட்ஸில் அளக்கிற பவர் மீட்டரிலிருந்து நீ அனுப்பிய கணக்கையும் பார்த்தேன். "சராசரி வாட்ஸ் ட்ரையத்லானில் வந்ததைவிடக் குறைவு, அப்படியும் பிடிக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தாய். சராசரியை விடு, வரைபடத்தில் இருக்கும் கோட்டைப் பார். ட்ரையத்லானில் உன் கோடு ரூலர் வைத்துப் போட்டதுபோல் நேராக வரும், அப்படித்தான் வரவும் வேண்டும், இறங்கி ஓட வேண்டுமே. இங்கே பெடல் மிதிக்காமலே சும்மா உருள்கிற நேரம் நிறைய. நடுவில் திடீரென்று இருபது நொடி, முப்பது நொடி உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் இருப்பவர்கள் கொஞ்சம்தான் வேகம் குறைக்கிறார்கள், வால் பகுதியில் இருப்பவர் கிட்டத்தட்ட நின்றுபோய் மறுபடி முழு மூச்சாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது. நீ ஒன்று முன்னால் காற்றில் இருந்தாய், இல்லாவிட்டால் கூட்டத்தின் வாலில் இருந்தாய். சௌகரியமான நடுப்பகுதிக்குள் ஒருமுறைகூட போகவில்லை. கோட்டில் இருக்கும் கூர்முனைகளே அதைச் சொல்லிவிடுகின்றன. ரேஸை முடிவு செய்வது அந்த முப்பது நொடிகள்தான், ஒரு சீசனாக நீ தொடாமல் விட்டதும் அவற்றைத்தான்.

உன் உடம்பின் இன்ஜின் குறைந்திருக்கிறது என்று நினைத்துவிடாதே, பெரிதாகித்தான் இருக்கிறது. மணிக்கணக்கில் ஒரே சீராக மிதிக்கிற பலம் எளிதில் வருவதில்லை, கைவிட்டால் திரும்ப வர நாளாகும். திடீர் வேகம் அப்படி இல்லை, சில வாரங்களில் திரும்பிவிடும். வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒரு நாள் சின்னச் சின்ன முழுவேக ஓட்டங்கள், நடுவில் தாராளமாக ஓய்வு. இன்னொரு நாள் உன் தாங்கும் எல்லைக்குச் சற்று மேலே, சற்றுக் கீழே என்று மாறி மாறி. மேலே போய்விட்டு நிற்காமல், ஓட்டிக்கொண்டே மூச்சைத் திரும்பப் பிடிக்கப் பழகுவதுதான் அதன் நோக்கம். மீதி நாள் உனக்குப் பிடித்தபடி ஓட்டு.

நீச்சலை விடுவதும் விடாததும் உன் இஷ்டம். ஓட்டத்தை மட்டும் முழுக்க விட்டுவிடாதே. சைக்கிள் எலும்புக்குப் பாரமே கொடுப்பதில்லை. சைக்கிள் மட்டுமே ஓட்டுகிற பந்தயக்காரர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரத்துக்கு ஓரிரு சின்ன ஓட்டங்கள், அதனால் ரேஸ் ஒன்றும் கெட்டுப்போகாது.

இப்போது பயத்தைப் பற்றி. நீ அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, "இடம் கிடைக்கவில்லை" என்றுதான் சொன்னாய். நானும் ரேஸ் ஓட்டியவன், இடம் கிடைக்காததற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தோளோடு தோள் உரசுகிற தூரத்தில் ஓட்டி நாளாகிவிட்டது. ட்ரையத்லான் கம்பியில் முழங்கையை ஊன்றிப் படுத்து ஓட்டியபோது பிரேக் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது, சுற்றிலும் யாரும் இல்லை, அதனால் பரவாயில்லை. கூட்டப் பந்தயத்தில் அந்தக் கம்பிக்கு அனுமதியே கிடையாது. 2021-இலிருந்து கம்பி இல்லாமல் முன்கையை ஹேண்டில்பார் மேல் கிடத்தி ஓட்டுவதற்கும் சர்வதேசப் பந்தயங்களில் தடை. சைக்கிளிலிருந்து நீ அதைக் கழற்றிவிட்டாய், பழக்கத்திலிருந்து இன்னும் கழற்றவில்லை. நெருக்கடி வந்தால் பிரேக் லீவரிலோ கீழ்ப்பிடியிலோ கை இருக்க வேண்டும். கண் முன்சக்கரத்தில் ஒட்டியிருக்கக் கூடாது, முன்னால் இருப்பவரின் இடுப்பைத் தாண்டி, அவருக்கும் முன்னால் இருப்பவர்களைப் பார். உன் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைய விடாதே. இடித்துக்கொண்டால் விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான். இதெல்லாம் ரேஸில் கற்றுக்கொள்கிற விஷயமில்லை. அடுத்த ரேஸுக்கு முன் சில வாரம் நாலைந்து பேரோடு சேர்ந்து ஓட்டு. அரை மீட்டர் நெருங்கு, பழகியதும் இன்னும் நெருங்கு. உங்கம்மா இந்தப் பத்தியைப் படித்துவிட்டு "பேசாம அவ ட்ரையத்லானுலயே இருக்கட்டுமே" என்றாள். அவள் சொல்வதிலும் அர்த்தம் இல்லாமல் இல்லை.

தனியாக ஓட்டும் பலத்துக்கு ரோடு ரேஸில் இடமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது, அளந்து செலவழித்தால். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ரோடு ரேஸை நினைத்துப் பார். தங்கம் வாங்கிய ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் முன்பு ட்ரையத்லான், டூயத்லான் (ஓட்டமும் சைக்கிளும் மட்டும்) என்று ஓடியவர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 137 கிலோமீட்டர் பந்தயத்தில் கிளம்பியதுமே பாய்ந்தார். தனியாகவே போய் ஜெயித்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அவரோடு இன்னும் சிலர் சேர்ந்து போனார்கள், முறைவைத்துக் காற்றைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களையும் விட்டுவிட்டு அவர் தனியாகப் போனது கடைசி 40 கிலோமீட்டர் சொச்சம்தான். பின்னால் வந்தவர்களுக்கு அவர் முன்னால் இருப்பதே நினைவில் இல்லை. இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் ஃபான் ஃப்ளூட்டன் தான்தான் ஜெயித்ததாக நினைத்துக் கையைத் தூக்கினார்.

2024 பாரிஸ் கதை இன்னும் சுவாரசியம். ட்ரையத்லான் வீராங்கனை டெய்லர் நிப், அமெரிக்காவின் தனிநபர் நேரப் பந்தயத்தில் (ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டியிடுவது) ஜெயித்து ஒலிம்பிக் சைக்கிள் அணிக்குள் நுழைந்தார். நேரப் பந்தயத்தை ஓட்டினார், ரோடு ரேஸ் இடத்தை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். அந்த இடத்துக்கு வந்த கிறிஸ்டன் ஃபாக்னர்தான் தங்கம் வாங்கினார். அவரும் துடுப்புப் படகிலிருந்து சைக்கிளுக்கு வந்தவர், இன்ஜினுக்குக் குறைவில்லை. ஆனாலும் முன்னால் போன இருவரை பெல்ஜியத்தின் கோபெக்கியோடு சேர்ந்துதான் துரத்தினார். பிடித்த கையோடு, மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு கணத்தில் பாய்ந்தார், மூன்று கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது. ஒருமுறைதான் பாய்ந்தார். 58 நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சரி, அடுத்த ரேஸுக்கு வருவோம். கடைசி ஏற்றம் வரும் வரைக்கும் நீ முன்னால் வரவே கூடாது என்று சொல்லமாட்டேன், உன்னால் அது முடியாது என்று தெரியும். முறை வந்தால் எடு, சீக்கிரம் விலகிவிடு. யாராவது முழங்கையை ஆட்டி முன்னால் வரச்சொன்னால், கால் தீர்ந்துவிட்டதுபோல் முகத்தை வைத்துக்கொள். அதில் உனக்குக் கொஞ்சம் நடிப்புப் பயிற்சி தேவைப்படும், சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் வராது.

பழைய ரோடு சைக்கிள் அளவுகள் என் நோட்டில் இருக்கின்றன, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஒரேயடியாக அந்த அளவுக்குப் போய்விடாதே. சீட்டை நன்றாக முன்தள்ளி வைத்து ஒரு சீசன் ஓட்டியிருக்கிறாய், இடுப்பு அதற்குப் பழகியிருக்கும். வாரத்துக்குச் சில மில்லிமீட்டர் பின்னால் நகர்த்து. பின்னால் தள்ளும்போது பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் கூடும், அதனால் உயரத்தை மறுபடி அளந்து பார்த்துக் கொஞ்சம் இறக்கு. முட்டிக்குப் பின்னால் இழுத்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பா