நோட்டீஸ் வருவதற்கு முன், அண்ணனுக்கு

அண்ணா,

அப்பாவின் முதல் திதி போன வாரம் முடிந்தது. அன்று முழுக்க நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணிதான் கூப்பிட்டு இலை போட்டார்கள். என் போனையும் நீ எடுப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன், உன் பையன் படித்துக் காட்டுவான். சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே ஊர்ப் பெயரையோ தொகையையோ சொல்லப் போவதில்லை, திண்ணையில் நீ சொன்ன அந்த வார்த்தையையும்.

வக்கீல் வைத்துவிட்டேன். கோயம்புத்தூரில் தெரிந்த வக்கீலிடம்தான் முதலில் போனேன். நிலம் எங்கே இருக்கிறதோ அந்தக் கோர்ட்டில்தான் பாகப்பிரிவினை வழக்குப் போட முடியும், அந்தத் தாலுகா ஆபீஸில் ஏறி இறங்கத் தெரிந்த உள்ளூர் ஆளாகப் பாருங்கள் என்று அவர்தான் அனுப்பி வைத்தார். திங்கட்கிழமை வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்பா இருந்திருந்தால் என்று ஆரம்பிக்காதே, அதை நானே எத்தனையோ ராத்திரி நினைத்துப் பார்த்தாயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, என் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதின விடுதலைப் பத்திரத்தை நீட்டினாயே, படிக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் சொத்து விவரம் கண்ணில் பட்டது. 'இதற்கு நான்கெல்லை: வாய்க்காலுக்குத் தெற்கு...' அந்த வாய்க்கால்தான். எனக்கு ஏழு வயது இருக்குமா? அப்பாவுக்குச் சோறு கொண்டு போகும்போது காலில் அட்டை ஒட்டிக்கொண்டு நான் அலறினேன். தூக்குவாளியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு என்னை உப்புமூட்டை தூக்கி வாய்க்காலைத் தாண்டி, நடவு நட்டுக்கொண்டிருந்த ஆயாவிடம் சுண்ணாம்பு வாங்கித் தடவினாய். அட்டை சுருண்டு விழுந்துவிட்டது, ரத்தம்தான் நிற்கவில்லை. நிற்கிற வரைக்கும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாய். சோறு ஏன் இவ்வளவு நேரம் என்று அப்பாவிடம் திட்டு வாங்கினதும் நீதான், என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அந்த நினைப்போடுதான் மேலே படித்தேன். 'என் பாகத்துக்குண்டான தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, எவருடைய தூண்டுதலும் இன்றி...' ஒரு ரூபாய் வாங்கினேனா அண்ணா? வாயைத் திறந்து கேட்டிருந்தால் சும்மாவே எழுதிக் கொடுத்திருப்பேன். வாங்காததை வாங்கியதாக எழுதி வைத்திருந்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

89க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கிடையாது என்று எல்லோரிடமும் சொல்கிறாயாம். தமிழ்நாட்டுச் சட்டம் அப்படித்தான் இருந்தது, 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. என் கல்யாணம் 1986. ஆனால் 2005 செப்டம்பர் 9-இல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டைப் பார்க்கவில்லை. பெண்ணுக்கும் பிறப்பால் வருகிற உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது, அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் இல்லை. பாதிக்குப் பாதி.

என் கல்யாணக் கடனை நீதான் அடைத்தாய். அது மறக்கவில்லை, உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்கிறேனே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது, மன்னித்துக்கொள். ஆனால் அம்மா படுத்த படுக்கையாக இருந்த பதினான்கு மாதம் யார் வீட்டில் இருந்தார்கள்? எழுதியிருக்கக் கூடாது. எழுதியாயிற்று, இருக்கட்டும்.

நோட்டீஸில் பதினைந்து நாள் கொடுத்திருக்கிறோம். அதற்குள் நீ வந்தால் வழக்கே வேண்டாம், சார்பதிவாளர் ஆபீஸில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிடலாம். வாய்க்காலை ஒட்டின வடக்குப் பங்கை நான் கேட்டிருக்கிறேன். தண்ணீர் முதலில் ஏறுகிற பங்கு என்று உனக்குக் கோபம் வரும். என் வயல் வழியாக உன் வயலுக்குத் தண்ணீர் போகிற மடையை எந்தக் காலத்திலும் அடைக்க மாட்டேன் என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை