கடலை அளந்தீர்கள், கழியை விட்டுவிட்டீர்கள்: வீட்டு ஆய்வு அறிக்கை மீது ஒரு புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கோவளம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: 10.03.2025

பொருள்: வீடு வாங்குமுன் செய்த ஆய்வில் சேவைக் குறைபாடு – கட்டணத்தைத் திருப்பித் தரவும் இழப்பை ஈடுசெய்யவும் கோருதல்.

பார்வை: 14.05.2024 அன்று நடந்த ஆய்வு, 21.05.2024 தேதியிட்ட உங்கள் அறிக்கை, 18.02.2025 அன்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்.

ஐயா / அம்மையீர்,

ரிட்டயர் ஆனதும் கடல் பக்கம் போய்விட வேண்டும் என்பது எனக்கும் என் மனைவிக்கும் இருபது வருட ஆசை. குரோம்பேட்டையில் இருந்த ஃப்ளாட்டை விற்று, பி.எஃப். பணத்தையும் சேர்த்துப் போட்டுத்தான் கோவளத்தில் இந்த மாடி வீட்டை வாங்கினோம். 2006-இல் கட்டிய வீடு. வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்று எடுத்தேன், தாய்ப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டினேன், பட்டாவையும் சரிபார்த்தேன். காகிதத்தைப் பார்க்க வக்கீல் இருக்கிறார், மண்ணையும் சுவரையும் பார்க்க விவரம் தெரிந்த ஆள் வேண்டுமே என்றுதான் உங்களிடம் வந்தேன். உங்களிடம் இருந்த பேக்கேஜ்களிலேயே விலை கூடியதை, கடலோர வீட்டுக்கான முழு ஆய்வை எடுத்துக்கொண்டேன். 35,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 6,300, ஆக 41,300 ரூபாய். ஆள் வருவதற்கு முன்பே முழுத் தொகையும் கட்டியாயிற்று.

ஒரு வாரத்தில் 46 பக்க அறிக்கை வந்தது. வழவழ தாள், கலர் படங்கள், கடைசிப் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம்: ‘வாங்க உகந்தது’. அந்தப் பச்சை வட்டத்தை நம்பித்தான் ஜூன் மாதம் பத்திரம் பதிந்தேன்.

முதலில் கழி, அதாவது உப்பங்கழி விஷயம். அறிக்கையின் 9-ஆம் பக்கத்தில், ‘கடலிலிருந்து தூரம் 520 மீட்டர். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடலில் இருந்து 520 மீட்டர் என்பது சரி, அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஆனால் வீட்டுக்கு முன்பக்கம் மட்டும்தானா இருக்கிறது? பின்பக்கக் கதவைத் திறந்தால் முட்டுக்காடு கழி. அங்கே கடல் தண்ணீர்தான் ஏறி இறங்குகிறது. சி.ஆர்.இசட். என்கிற இந்தக் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் எல்லை, கடற்கரையில் இருந்து 500 மீட்டரோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், எட்டும் கழி, முகத்துவாரம், உப்பாறு எல்லாவற்றின் கரைக்கும் அது உண்டு. மத்திய அரசின் 2011 சி.ஆர்.இசட். அறிவிக்கையின்படி கழிக்கரையில் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. என் வீட்டின் பின்சுவர் கழியின் உயர் ஓதக் கோட்டில் இருந்து, அதாவது ஓதம் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையில் இருந்து, ஏறக்குறைய 31 மீட்டர். கழியோ அந்த இடத்தில் 100 மீட்டருக்கு மேல் அகலம். ஆக 2011-ஐ எடுத்தாலும் 2019-ஐ எடுத்தாலும் வீடு மண்டலத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், மாடியில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு அறை போடலாம் என்று இந்த ஜனவரியில் ஒரு இன்ஜினியரிடம் பிளான் போடச் சொன்னேன். அவர் வந்தார், மாடி ஏறினார், பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அளவு நாடாவைக்கூட வெளியே எடுக்கவில்லை. “சார், கழி இருக்கே, சி.ஆர்.இசட். பார்த்தீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். அன்று மாலையே சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட கடலோர மண்டல வரைபடத்தை எடுத்து, சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, புல வரைபடத்தோடு பொருத்திக் காட்டிவிட்டார். பத்து நிமிட வேலை. அதற்கு அவர் காசுகூட வாங்கவில்லை, காபி குடித்துவிட்டுப் போனார்.

விளைவு என்ன என்று உங்களுக்கே தெரியும். இருக்கிற அனுமதி பெற்ற கட்டடத்தை, அதே அடித்தளப் பரப்புக்குள் பழுது பார்த்துக்கொள்ளலாம், கூடுதலாக ஒரு அறைகூட ஏற்ற முடியாது. அதிலும் ‘அனுமதி பெற்ற’ என்ற இடத்தில் எனக்கு இன்னொரு இடி. கடலோர மண்டல விதி முதன்முதலில் வந்தது 1991 பிப்ரவரியில். வீடு கட்டியது 2006-இல். ஊராட்சி அனுமதி இருக்கிறது, கடலோர மண்டல ஒப்புதல் இல்லை. விற்றவர் இதைச் சொல்லவில்லை. அவர் சொல்லமாட்டார் என்பதால்தானே உங்களுக்குக் காசு கொடுத்தேன்!

அடுத்தது நிலம். பத்திரத்தில் 6 சென்ட், அதாவது 2,614 சதுர அடி. நீங்களும் ‘6 சென்ட், சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரியில் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் அளந்தபோது, காம்பவுண்டுக்குள் இருப்பது 6¾ சென்ட் என்று வந்தது. முக்கால் சென்ட் அதிகம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட முடியவில்லை. அகலம் 40 அடி சரியாக இருக்கிறது, நீளத்தில்தான் காம்பவுண்டின் பின்சுவரை எட்டு அடி தள்ளிக் கழிப் புறம்போக்கில் கட்டியிருக்கிறார்கள். பழைய எல்லைக் கல் வேப்ப மரத்தடியில், மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடைத்தது. அந்த எட்டு அடிக்குள்தான் செப்டிக் டேங்க் இருக்கிறது. நாளைக்கே அளந்து ஆக்கிரமிப்பை எடு என்று நோட்டீஸ் வந்தால் வீட்டில் கழிப்பறை கிடையாது. நீங்கள் ஒரு டேப்பைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்திருந்தால்கூடக் கணக்கு உதைத்திருக்கும். உதைக்கவில்லை என்றால் அளக்கவில்லை, பத்திரத்தைப் பார்த்து எழுதிவிட்டீர்கள் என்றுதானே அர்த்தம்?

செப்டிக் டேங்க் பற்றிப் பேச்சு வந்ததால் ஃபெஞ்சல் புயலையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அன்று கார்த்திகை அமாவாசை வேறு, ஓதம் அதிகமாக ஏறும் நாள். மழைத் தண்ணீர் கழியில் இறங்குகிறது, ஓதமோ அதை உள்ளே தள்ளுகிறது. பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் கீழே போகாமல் மேலே வந்தது. இரண்டு நாள் பக்கத்து வீட்டில்தான் எல்லாம். அந்த வீட்டு அம்மா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். “வருஷா வருஷம் சுவர் வரைக்கும் வரும் சார். அன்னைக்கு வந்த உங்க ஆளு எங்களை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே” என்றார். உங்கள் அறிக்கையில் ‘வெள்ள அபாயம்: குறைவு’. ஆள் வந்தது கத்திரி வெயிலில், வளர்பிறை சப்தமி அன்று. ஓதத்தின் ஏற்றமே குறைவாக இருக்கும் நாள். அந்த ஒரு நாள் காட்சியை வைத்து வருடம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

இனி கட்டடம். மாட்டுப் பொங்கல் அன்று காலை என் மனைவி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, சன்ஷேடின் அடியிலிருந்து இட்லித் தட்டு அளவுக்கு ஒரு கான்க்ரீட் துண்டு அவளுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் உள்ளே கம்பி. 8 மில்லிமீட்டர் கம்பி தேய்ந்து தென்னை ஈர்க்கு மாதிரி ஆகியிருக்கிறது, விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் ‘டங்’, பல இடத்தில் ‘பொத்’. பொத்தென்று கேட்ட இடமெல்லாம் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்க்ரீட்டை உள்ளிருந்தே தள்ளிவிட்டது என்றார். பிறகு 62,000 ரூபாய் செலவழித்து முறைப்படி சோதனை செய்தேன். கம்பிக்கு மேல் கான்க்ரீட் 15 முதல் 20 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. கடற்கரைக் காற்றுக்கு, கான்க்ரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பது 45 மில்லிமீட்டர், கான்க்ரீட் எம்30 தரம். பெயர்த்தெடுத்த இடத்தில் பினாப்தலீன் கரைசல் தெளித்தார்கள். நல்ல கான்க்ரீட் என்றால் ரோஸ் நிறமாகும் என்றார்கள். கம்பி வரைக்கும் நிறமே மாறவில்லை.

விற்றவர் புதுப் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து வைத்திருந்தார், உள்ளே இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். சரி, உங்கள் அறிக்கையின் 17-ஆம் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அதே சன்ஷேடு. புதுப் பெயிண்டின் மேல், விளிம்போரமாக, சுமார் ஒன்றரை அடி நீளத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. மயிரிழை விரிசல், அதிலிருந்து கசிந்த துரு. படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பது: ‘சன்ஷேடு – திருப்தி’. உங்கள் கேமரா பார்த்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்தவர் பார்க்கவில்லை.

போர் தண்ணீருக்கு ‘நன்று’ போட்டிருக்கிறீர்கள். ஆகஸ்டில் நான் சோதித்தபோது டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 3,400 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்துக்குக்கூட இந்தியத் தரநிலை அனுமதிப்பது 2,000 வரைதான். உங்கள் ஆள் பாட்டிலில் தண்ணீர் பிடித்ததாக வீட்டில் இருந்த யாருக்கும் நினைவில்லை.

அப்புறம் 31-ஆம் பக்கம். ‘லிஃப்ட் இயந்திர அறை நல்ல நிலையில் உள்ளது’. எங்கள் வீட்டில் லிஃப்ட் கிடையாது. ஒரு மாடி, பதினேழு படி. இந்த வரியை முதலில் படித்தபோது நானும் மனைவியும் சிரித்துவிட்டோம், ஏதோ டைப்பிங் பிழை என்று விட்டுவிட்டேன். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும், அது என் தப்பு. வேறு ஏதோ அப்பார்ட்மென்ட்டின் அறிக்கையை எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறீர்கள் என்பது இப்போது புரிகிறது. படங்களில் பதிவாகியிருக்கும் நேரமும் அதையேதான் சொல்கிறது: முதல் படம் காலை 11.10, கடைசிப் படம் 11.52. நிலம், கட்டடம், கழிவு, தண்ணீர், மின்சாரம், கடலோர விதி, எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு நிமிடம்.

உங்கள் 18.02.2025 மின்னஞ்சலில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ‘எங்களுடையது கண்ணால் பார்க்கும் ஆய்வு மட்டுமே’ என்பது ஒன்று. கழி கண்ணுக்குத் தெரியும். பழுப்புக் கோடும் தெரியும். ‘அரசு விதிகள் எங்கள் வரம்பில் வராது’ என்பது இரண்டாவது. நீங்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கையேட்டில், இந்த பேக்கேஜுக்கு நேராக, நான்காவது வரி: ‘கடலோர ஒழுங்குமுறை மண்டலச் சரிபார்ப்பு’. ஏழாவது வரி: ‘நிலத்தடி நீர்ப் பரிசோதனை’. வரம்பில் இல்லாததற்கு ஏன் விலை போட்டீர்கள்? அதைவிட, வரம்பில் இல்லை என்றால் ‘பார்க்கவில்லை’ என்று எழுதியிருக்க வேண்டும், ‘பொருந்தாது’ என்று எழுதினீர்கள். ‘பார்க்கவில்லை’ என்று இருந்திருந்தால் நான் வேறு ஆளைத் தேடியிருப்பேன், முன்பணம் போனால் போகட்டும் என்று விலகியும் இருப்பேன்.

நான் கேட்பவை: கட்டணம் 41,300 ரூபாயை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். கட்டடச் சோதனைக்கான 62,000, மறு அளவைக்கான 14,000 ரூபாயையும் நீங்கள் ஏற்க வேண்டும். பில்களின் நகல்களை இணைத்திருக்கிறேன். உயர் ஓதக் கோட்டை முறைப்படி குறித்துத் தர அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன, அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போல. அங்கே அறிக்கை வாங்கும் செலவும் உங்களுடையது. 14.05.2024 அன்று வந்தவரின் கல்வித் தகுதி, அவர் அந்த இடத்தில் எழுதிய குறிப்புகள், தண்ணீர் சோதித்த ஆய்வகத்தின் தாள், மூன்றின் நகலும் வேண்டும். சன்ஷேடு, பால்கனி பழுதுபார்ப்பு மதிப்பீடு இன்னும் கைக்கு வரவில்லை. அதை வந்ததும் தனியாக அனுப்புவேன். இந்தக் கடிதத்தோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை. தொலைபேசியில் ‘பார்த்துக்கறோம் சார்’ என்பது பதிலாகாது, அது ஏற்கெனவே நான்கு முறை ஆயிற்று. பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குச் செலவும் கிடையாது. இரண்டு வருடக் கெடுவும் இன்னும் தாண்டவில்லை.

மறு ஆய்வுக்கு இலவசமாக ஆள் அனுப்புவதாக மின்னஞ்சலின் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அது பணத்தைத் திருப்புவதற்குப் பதில் ஆகாது. ஆனாலும் அனுப்புவதானால் அமாவாசை அன்று அனுப்புங்கள், உள்ளே வருவதற்குப் பின்பக்கக் கதவைத் திறந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
கோவளம்