மோல் கணக்கு: எதால் வகுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பில் தொடங்கி பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வரை மாணவர்களை விடாமல் துரத்துவது, கிராமை மோலாக மாற்றும் கணக்கு. நிறையை மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் கிராம் நிறையால், வகுத்தால் போதும். வகுத்தலில் பிள்ளைகள் அதிகம் தவறுவதில்லை. எதால் வகுப்பது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

மோல் ஓர் எண்ணிக்கைச் சொல் என்பது முதலில் பதிய வேண்டும். கவுளி என்றால் நூறு வெற்றிலை. கொழுந்து வெற்றிலையும் முற்றிய வெற்றிலையும் கவுளிக் கணக்கில் ஒன்று, தராசில் வேறு. மோலுக்கு அந்த எண் 6.022 × 10²³. அத்தனை கார்பன் அணுக்கள் 12 கிராம். அத்தனை தண்ணீர் மூலக்கூறுகள் 18 கிராம். 2019 மே 20 முதல் மோலின் வரையறையே இந்த எண்ணை வைத்துத்தான். இதைப் புரிந்துகொண்ட மாணவர் 5.85 கிராம் உப்பை 10 மோல் என்று எழுதமாட்டார். ஒரு மோலே 58.5 கிராம் என்றால் கையில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கால்சியம் ஹைட்ராக்சைடில், அதாவது Ca(OH)₂-வில், அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 2, ஆக்சிஜனுக்கும் சேர்த்துத்தான். 40 + 2 × (16 + 1) = 74. பலர் ஹைட்ரஜனை மட்டும் இரட்டித்து 58 என்று எழுதுகிறார்கள். 37 கிராமுக்கு 0.5 மோல் வர வேண்டிய இடத்தில் 0.64 வருகிறது.

இதைவிடப் பெரிய பள்ளம் படிகநீர். மயில்துத்தத்தின் நீலப் படிகத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டு. காப்பர் சல்பேட்டின் 159.5 உடன் நீரின் 90 சேர்த்து 249.5. ஐந்து கிராம் படிகம் 0.02 மோல்தான்; நீரை விட்டுவிட்டால் 0.031 ஆகிவிடும். ஆய்வகத்தில் இந்தத் தவறு அடுத்த கணக்கிலும் தொற்றும். 250 மில்லி திட்டக் குடுவையில் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஆக்சாலிக் அமிலக் கரைசல் தயாரிக்க 0.025 மோல் தேவை. படிகத்தின் மோலார் நிறை 126, ஆகவே 3.15 கிராம் நிறுக்க வேண்டும். நீரற்ற அமிலத்தின் 90-ஐ வைத்து 2.25 கிராம் நிறுத்தால் கரைசலின் செறிவு 0.071தான். அதை 0.1 என்று நம்பித் தரம்பார்த்தால் (தெரிந்த கரைசலை வைத்துத் தெரியாததன் செறிவைக் கண்டால்) பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் செறிவு 40 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். பியூரெட்டை (கரைசலை அளந்து விடும் குழாயை) எவ்வளவு கவனமாகப் படித்தாலும் அது சரியாகாது. இத்தனைக்கும் புட்டியின் லேபிளிலேயே 126.07 என்று அச்சடித்திருக்கும். நிறுக்கும் முன் லேபிளைப் படித்து நோட்டில் எழுதவைப்பதை ஒவ்வொரு ஆய்வகத்திலும் வழக்கமாக்க வேண்டும்.

சோடியம் ஹைட்ராக்சைடில் சிக்கல் வேறு. வில்லைகளைத் தாளில் கொட்டிய சில நிமிடங்களிலேயே அவை காற்றின் ஈரத்தை இழுத்துப் பளபளக்கும். கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சும். தராசு 4 கிராம் காட்டினாலும் உள்ளே 0.1 மோல் இருக்காது. அதனால்தான் இதைத் தோராயமாக நிறுத்துக் கரைத்து, ஆக்சாலிக் அமிலம் போன்ற, செறிவு துல்லியமாகத் தெரிந்த திட்டக் கரைசலோடு தரம்பார்த்து உண்மையான செறிவைக் கண்டுபிடிக்கிறோம். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு அது சடங்காகவே படும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘16 கிராம் ஆக்சிஜன் எத்தனை மோல்?’ என்று கேட்காதீர்கள். மூலக்கூறு என்றால் 0.5, அணு என்றால் 1. எதைக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். உப்பு படிகமா, நீரற்றதா என்பதையும் குறிப்பிடுங்கள். விடைக்குறிப்பில் மோலார் நிறையைக் கூட்டிக் காட்டும் வரிக்கும், கிராம் என்ற அலகுக்கும் தனி மதிப்பெண் கொடுங்கள். மில்லிகிராமை அப்படியே வகுத்து ஆயிரம் மடங்கு பிசகும் விடைகள் அந்த ஒரு வரியிலேயே பிடிபடும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர், விருதுநகர்