மாடிக் கூட்டத்து நண்பர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாகப்பட்டினத்தில் அச்சகத்து மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை நடந்துவந்த நம் சமய உரையாடல் கூட்டம் இந்த மாதத்தோடு நிற்கிறது. சண்டையா, யாராவது மிரட்டினார்களா என்று சிலர் போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு ஆள் குறைந்துபோனது. மூத்தவர்களால் படி ஏற முடியவில்லை. இளையவர்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். ஒரே மாதிரி நினைக்கிற நாலு பேர் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பதற்கு ஒரு கூட்டம் எதற்கு? பேசி முடிவெடுத்துத்தான் நிறுத்துகிறோம்.

பெயர் போடக்கூடாது என்று பலரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இந்த மடலில் யார் பெயரும் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, மீனவக் குப்பத்திலிருந்து வந்த அக்காவுக்கு. 2004 டிசம்பர் 26 அன்று இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்தவர்களும் அதில் உண்டு. "சாமி எங்கே போச்சு?" என்ற கேள்வி எழாத தெரு கிடையாது. அந்தக் கேள்வியோடுதான் அடுத்த வருஷம் சிலர் கூடினோம். ஆளாளுக்குக் கர்மவினை, இறைவனின் சோதனை, நிலத்தட்டு நகர்வு என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, பிள்ளையைப் பறிகொடுத்த அந்த அக்கா சொன்னார்: "திட்டுறதுக்காவது எனக்கு ஒரு சாமி வேணும். அதையும் பிடுங்கிடாதீங்க." யாருக்கும் வாய் எழவில்லை. நம் ஒரே விதி அன்று உண்டானதுதான்: நான் எதை நம்புகிறேன், ஏன் நம்புகிறேன் என்று பேசலாம், அடுத்தவர் நம்பிக்கைக்கு நான் உரை எழுதக் கூடாது. நம்பாதவருக்கும் அதே விதி.

அந்த விதியை ஓயாமல் உரசிப் பார்த்தவர் கறுப்புச்சட்டை ஐயா. ஒரு கூட்டம்கூடத் தவறவிட்டதில்லை, ஒரு கூட்டத்திலும் ஒத்துப்போனதும் இல்லை. தமிழாசிரியர் ஐயா மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையை எடுத்த மாலையில் கறுப்புச்சட்டை ஐயாவுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் "உன் கொள்கை என்ன?" என்று கேட்டுக்கொண்டே போகிறாள். சைவவாதி, வைணவவாதி, விதியை நம்பும் ஆசீவகன், சமணனான நிகண்டவாதி எல்லோரையும் கேட்டபின் கடைசியாக, உலகில் பூதங்களைத் தவிர வேறில்லை என்கிற பூதவாதி. பூவும் வெல்லமும் சேர்ந்தால் மதுவில் மயக்கம் பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், கண்ணால் காண்பதே பிரமாணம், அதாவது ஆதாரம், என்கிறான். "நம்ம ஆளு அப்பவே இருந்திருக்கான்!" என்று துள்ளினார் ஐயா. உடனே தமிழாசிரியர், மணிமேகலை சிரித்தபடி அவனை மடக்கிய இடத்தைப் படித்தார்: அனுமானம் (ஊகித்து அறிவது) வேண்டாம் என்றால் உன் தாய் தந்தையரை எப்படி அறிவாய்? பின்வரிசையில் இருந்த பாலிடெக்னிக் பையன், "இப்ப டிஎன்ஏ டெஸ்ட் இருக்கே சார்" என்றான். அன்று யாரும் எட்டு மணிக்குள் வீடு போகவில்லை.

இரண்டு ஐயாக்களுக்கும் தனித்தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சூடாமணி விகாரையைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியவைத்தவரும் தமிழாசிரியர்தான். சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசன் நம் ஊரில் கட்டிய பௌத்த விகாரைக்குச் சிவபக்தனான ராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயை விட்டுக்கொடுத்ததை சோழர் காலத்து லெய்டன் செப்பேடு சொல்கிறது. சரி, அக்காலத்தில் எல்லோரும் எவ்வளவு பெருந்தன்மை என்று நாங்கள் உருகத் தொடங்கியதும், திருமங்கையாழ்வார் நாகையிலிருந்து பொன் புத்தரைக் கவர்ந்துபோய் திருவரங்கத்துத் திருப்பணி செய்த கதையையும் அதே மூச்சில் சொன்னார். நம் ஊரில் விகாரையின் எச்சமாக நின்ற பழைய கோபுரத்தை 1867-ல் இயேசு சபைப் பாதிரியார்கள் இடித்ததையும் விடவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த ஃபாதர் அதைக் கேட்டு நெளியவில்லை. இடித்ததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று அவரே தேடிப் படித்துவந்து அடுத்த மாதம் பேசினார். அந்த நேர்மைக்கு நன்றி, ஃபாதர்.

உண்மையைச் சொன்னால், மதத்துக்கு மதம் இங்கே பெரிய மோதல் வந்ததே இல்லை. சூடு பறந்ததெல்லாம் ஒரே மதத்துக்குள்தான். நாகூரிலிருந்து வந்த பாய்மார் இருவரில் ஒருவர் தர்காவின் கந்தூரி விழாவுக்கும் சந்தனக்கூடு ஊர்வலத்துக்கும் உயிரை விடுபவர். இன்னொருவருக்கு தர்கா வழிபாடே ஆகாது. தர்காவின் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டித்தந்தது முதலாமவருக்குப் பெருமை, இரண்டாமவருக்கு அது ஒரு வாதமே இல்லை. அவர்கள் மோதுவதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள் என்றுகூடச் சொல்வேன். முடிந்ததும் இருவரும் ஒரே ஸ்கூட்டியில் நாகூர் திரும்புவார்கள். உங்கள் இருவருக்கும் நன்றி பாய்.

அப்புறம், வாடகை என்று ஒரு ரூபாய் வாங்காத அச்சகத்து அண்ணன். கஜா புயலில் மாடி ஷீட் பறந்தபோது தன் கடைக்கு முன் நம் இடத்துக்குத்தான் கூரை போட்டார். கணக்கை மாதக்கடைசியில் கேட்டும் கேட்காமலும் விட்டுவிட்ட டீக்கடைக்காரர். ஆண்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு மூன்று தோழிகளை அழைத்துவந்து, வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடக்கிற பெண்களின் நேர்த்திக்கடனைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்த டீச்சர். எல்லோருக்கும் நன்றி.

இனி நடைமுறை விஷயம். விரிக்கிற பாய்களும் மைக்கும் குப்பத்து மாலைநேர வகுப்புக்குப் போகின்றன. மிச்சமிருந்த பணத்தில் டீக்கடைப் பாக்கியைத் தீர்த்தாயிற்று. அலமாரியில் உள்ள புத்தகங்களை இம்மாதம் முடிவதற்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரவல் வாங்கியவர்கள் திருப்பித் தர வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். மணிமேகலை உரையை யார் கொண்டுபோனீர்கள் என்று மட்டும் தமிழாசிரியரிடம் சொல்லிவிடுங்கள், பாவம், ரொம்ப நாளாகத் தேடுகிறார்.

அன்புடன்,
மாடிக் கூட்டத்தின் சார்பில்