அடி வேகாத பீட்சா

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களில் குடும்பமாகப் பீட்சா சாப்பிடப் போகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று: மேலே சீஸ் கருகியிருக்கும், அடியில் மா பிசுபிசுக்கும். போறணை உள்ளே சூடாகியதும் தட்டு வைக்கும் தளமும் சூடாகிவிட்டது என்று நினைப்பதுதான் பிழை. மின்போறணையை 250 பாகையில் வைத்து, கல்லோ கனமான இரும்புத் தட்டோ அரைமணி நேரமாவது காயவேண்டும். பாண் சுடும் விறகுப் போறணை இதற்கு மிகப் பொருத்தம். அதன் செங்கல் தளம் சூட்டை விடாது.

வன்னி வெயிலில் மா சீக்கிரம் பொங்கிப் புளித்து, தட்டும்போதே கிழியும். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 600 மில்லிலீற்றர் குளிர்நீர், 20 கிராம் உப்பு, 3 கிராம் உலர் ஈஸ்ட் போதும். பிசைந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வையுங்கள். அன்னாசி, தக்காளித் துண்டுகளை நீர் வடிய விட்டே தூவவேண்டும்.

வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்ணும் குடும்பங்கள் இங்கே ஏராளம். கோழி பீட்சா வெட்டிய அதே சில்லுக்கத்தியால் மரக்கறி பீட்சாவை வெட்டுவது பெரிய அநியாயம். தனிக் கத்தி, தனிப் பலகை வையுங்கள்.

வாங்குவோருக்கும் ஒன்று: 14 அங்குல பீட்சா ஒன்று, 10 அங்குலத்தில் இரண்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். இரண்டின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் பெட்டி மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆவி உள்ளே அடங்கி அடி ஊறிவிடும்.

வெதுப்பகத் தொழிலாளர் சிலர்,
கிளிநொச்சி.