மூன்று மாத சர்க்கரையும் ரத்தசோகையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தத்தில் உள்ள புரதங்களைக் கொண்டு, நடுவயதில் வரும் சர்க்கரை நோயை முன்கூட்டியே அறிய முடியும் என்பது குறித்துத் தங்கள் இதழில் வந்த மருத்துவக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். முப்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளைக் கையாண்டவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நோயைக் காட்டிக்கொடுக்கும் அத்தகைய புரதக் குறி ஒன்று ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. மக்கள் 'மூன்று மாத சர்க்கரை' என்று சொல்லும் எச்பிஏ1சி சோதனை, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் எத்தனை விழுக்காட்டின் மீது சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதையே அளக்கிறது. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும் என்பதால் இது வேகமாகப் பரவியது. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் எனக் கொள்ளலாம் என்று 2011இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. ஆனால், அளவீட்டைப் பிறழச் செய்யும் வேறு உடல்நிலைகள் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் ஏற்றது. அந்த நிபந்தனையை நாம் மறந்துவிட்டோம்.

சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழும் என்ற கணக்கின் மேல்தான் இந்தச் சோதனை நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைபாட்டில் புதிய அணுக்கள் உருவாவது குறைந்து, நெடுநாள் சர்க்கரையில் ஊறிய பழைய அணுக்களின் பங்கு கூடுவதால், ரத்தத்தில் சர்க்கரை ஏறாமலேயே எண் உயர்ந்து காட்டலாம். ரத்தப்போக்கிலும் சிவப்பணுக்கள் சிதையும் நோய்களிலும் இதற்கு நேர்மாறாக எண் தாழ்ந்து காட்டி, இருக்கும் நோயே தெரியாமல் போகலாம். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு கூறும் நாட்டில், இது ஓரத்தில் ஒதுக்கக்கூடிய செய்தி அன்று.

என் தம்பி மகளுக்கு 36 வயது. முழு உடல் பரிசோதனை ஒன்றில் எச்பிஏ1சி 6.3 என்று வந்ததும், சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாகச் சொல்லப்பட்டு, அஞ்சிப்போய்ப் பாதிச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். ஏற்கெனவே ஹீமோகுளோபின் 8.2 மட்டுமே இருந்த, அதாவது ரத்தசோகை உள்ள பெண் அவள். அந்த எண் அதே அறிக்கையின் வேறொரு பக்கத்தில் கிடந்தது, எவரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 5.5. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்த சோதனையும் இயல்பாகவே இருந்தது. அந்த மாதங்களில் அவள் பட்ட பசியை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

புதிய குறிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டென்மார்க்கின் இன்டர்99 ஆய்வில் பங்கேற்றவர்களின் ரத்தத்தைக் கொண்டு 2009இல் உருவாக்கப்பட்ட, சர்க்கரை நோய் வரும் ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண்ணில் அடிபோனெக்டின் (கொழுப்புத் திசு சுரக்கும் புரதம்), சி-ரியாக்டிவ் புரதம் (உடலில் அழற்சியைக் காட்டுவது), இன்சுலின் முதலியவற்றோடு ஃபெரிட்டினும் ஒரு குறி. ஃபெரிட்டின் என்பது உடலில் இரும்பைச் சேமிக்கும் புரதம். அது கூடியிருந்தால் ஆபத்து கூடுதல் என்பது அங்கே கண்ட கணக்கு. இரும்புச்சேமிப்பே வற்றிப்போன நம் பெண்ணிடம் அது குறைவாகத்தானே இருக்கும்? அதைப் பார்த்து ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியுமா? அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 3,000 புரதங்களை ஒருசேர அளந்த பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தரவுத்தொகுப்பும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையதே. ஒல்லியான உடலிலும் சர்க்கரை நோய் வரும் நம் மக்களிடம் சரிபார்க்காமல் இக்குறிகளைப் பரிசோதனைத் தொகுப்புகளில் சேர்த்து விற்கத் தொடங்குவது தவறு.

அதற்காக, 6.5ஐத் தாண்டிய எண்ணை ரத்தசோகை மீது பழிபோட்டுத் தள்ளிவிடவும் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் உள்ளன. நான் கேட்பது சிறிய மாற்றம்தான். எச்பிஏ1சி எண்ணுக்கு நேர் கீழே ஹீமோகுளோபின் அளவையும் அச்சிடும்படி ஆய்வகங்களுக்கு அரசு ஆணையிட வேண்டும்; அது குறைந்திருந்தால், வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்த பின்னும் ரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்த பிறகே நோய் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
திருச்சிராப்பள்ளி.