'இறங்கியதா?' என்று ஒரு கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் சமூக ஊடகங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் பாதி வரை தலையாட்டிக்கொண்டுதான் படித்தேன். வெறுப்புப் பேச்சு, பொய்ச் செய்தி, பொழுது வீணாவது, இதில் எதையும் மறுக்க நான் வரவில்லை. ஆனால் இரண்டு வரிகளை என்னால் தாண்ட முடியவில்லை. ஹாஷ்டேக்கை, அதாவது ஒரு பேச்சை ஒன்றாகத் திரட்ட # குறி போட்டு எழுதும் சொல்லை, ட்விட்டர் நிறுவனம் கண்டுபிடித்தது என்பது ஒன்று. இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நடுவே சமூகம் என்று எதுவும் உருவாகாது என்பது இன்னொன்று. முதலாவது தகவல் பிழை. இரண்டாவதைப் பார்த்தால், எழுதியவர் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை என்று தோன்றுகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிழையை முதலில் முடித்துவிடுகிறேன். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர், அவர் ட்விட்டரில் வேலை பார்த்தவர் இல்லை, வெறும் பயனர், குழுவாகப் பேசுவதற்கு ஹாஷ் (#) குறியைப் பயன்படுத்தலாமா என்று ஒரு கீச்சில், அதாவது ட்விட்டர் பதிவில், கேட்டார். நிறுவனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து சான் டியாகோ பக்கம் காட்டுத்தீ பரவியபோது, தீயைப் பற்றிய தகவல்களை ஒரே குறியின் கீழ் எழுத ஆரம்பித்தார்கள், அப்போதுதான் இதன் பயன் என்னவென்று பலருக்கும் பிடிபட்டது. ஹாஷ்டேக்கைத் தொட்டால் அந்தப் பேச்சு மொத்தமும் திறக்கும்படி நிறுவனம் செய்தது 2009இல். பெயருக்கு முன்னால் அட் (@) குறி போட்டுப் பதில் சொல்வதும் பயனர்கள் கொண்டுவந்த பழக்கம்தான். அடுத்தவர் சொன்னதைப் பகிர 'ஆர்டி' (ரீட்வீட்) என்று கையால் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அதற்குப் பொத்தான் வந்ததும் அதே 2009இல்தான். ஆக, கூப்பிட, கூட்டம் சேர, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லாத இடத்தில் ஜனங்களே நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை போட்டார்கள், நிறுவனம் பின்னால் வந்து அதற்குத் தார் போட்டது. சமூகமே இல்லாத இடத்தில் இதெல்லாம் யாருக்காக நடந்ததாம்?

இனி என் கதை. வீட்டில் அம்மாவின் பழைய தையல் மெஷின் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் இரவு பாபின் கேஸை, அதாவது அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் சின்னக் கூட்டை, துடைத்துக்கொண்டிருந்தபோது அதிலிருந்து நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கழன்று விழுந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தரையில் தவழ்ந்து தேடி எடுத்து, வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் படம் பிடித்து, 'இதை எவ்வளவு இறுக்க வேண்டும்?' என்று மட்டும் எழுதி, மெஷின் பழுது பார்க்கிறவர்கள் புழங்கும் ஒரு ஹாஷ்டேக்கில் போட்டேன். என்னைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது நாற்பது பேர்கூட இல்லை.

பத்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. 'முழுசாகக் கழற்றிவிட்டீர்களா? இனிமேல் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.' சரி, வாங்கிக்கொண்டேன். அடுத்து ஒரு அம்மா வந்தார், எந்த நாட்டில் இருக்கிறார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பாபினைக் கேஸுக்குள் போட்டு, நூலின் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள் என்றார். தானாகவே சரசரவென்று இறங்கினால் தளர்வு. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டியும் அசையவே இல்லை என்றால் இறுக்கம். ஒரு வெட்டுக்குக் கொஞ்சம் இறங்கி நின்றுகொண்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். திருகை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. மூன்றாமவர் வந்து, கால் சுற்றே அதிகம், அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) போதும் என்றார். அப்புறம் அவர்கள் இருவரும் என்னை மறந்துவிட்டு, எந்த நூலுக்கு எவ்வளவு என்று ஒரு மணி நேரம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டுக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்து நூலைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மா ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: 'இறங்கியதா?'

நான் சொல்ல வருவது இந்த ஒரு சொல்லைத்தான். தகவல் எங்கேயும் கிடைக்கும், தேடினால் நூறு காணொளி வரும். என் திருகு என்ன ஆயிற்று என்று மறுநாள் ஞாபகம் வைத்துக் கேட்க எந்தக் காணொளியும் வராது. அதற்கப்புறம் அங்கே வழக்கமாகப் புழங்குகிற முப்பது பேரின் பெயர்கள் எனக்குப் பழகிவிட்டன. யார் கோபக்காரர், யார் கேட்டதற்கு மேல் சொல்ல மாட்டார், யாருடைய மெஷின் ஆறு மாதமாகப் பிரித்தபடியே கிடக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. ஒருவர் தினமும் காலையில் தான் தைத்த ஒரு தையலைக் கிட்டத்தில் படம் பிடித்துப் போடுவார். மூன்று நாள் படம் வரவில்லை என்றதும் நான்கு பேர் தனித்தனியாக அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். காய்ச்சலாம். கேட்ட நால்வரில் இருவர் அதுவரை அவர் படத்துக்கு ஒரு லைக் கூடப் போட்டதில்லை. எழுதாமல் படித்துக்கொண்டே இருக்கிற இவர்களைக் கட்டுரை 'வேடிக்கை பார்ப்பவர்கள்' என்று ஒதுக்கிவிடுகிறது. இணையத்தில் எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் பெரும்பாலோர் இப்படித்தான். ஒருவர் வரவில்லை என்பது இவர்களுக்கும் தெரிகிறதே.

சிறிதாக எழுதுவதால் ஆழம் இல்லை என்கிறார் கட்டுரையாளர். ட்விட்டரின் 140 எழுத்து வரம்பு எஸ்எம்எஸ்ஸிலிருந்து வந்தது, ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு உரிய 160 எழுத்தில் பெயருக்கு 20 ஒதுக்கியது போக மிச்சம். (அதிலும் தமிழில் எழுதும் நமக்கு நஷ்டம். மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்மெய்யின் கொம்பையும் தனித்தனியாக எண்ணுவார்கள், 'நன்றி' என்ற மூன்றெழுத்துக்கு ஐந்து போய்விடும். 2017இல் 280 ஆக்கிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.) ஆனால் அந்தச் சிறுமைதான் பதிலை எளிதாக்கியது என்று நினைக்கிறேன். நாலு பக்கம் எழுதியவரிடம் போய் 'அரைக்கால் போதும்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, அவருக்கு நாமும் நாலு பக்கம் எழுத வேண்டும் என்று தோன்றிவிடும். ஒரு வரிக்கு ஒரு வரி போதும்.

இன்னொன்று, ட்விட்டர் போன்ற இடங்களில் ஒருவரைப் பின்தொடர அவர் சம்மதம் வேண்டியதில்லை, அவரும் நம்மைத் திருப்பிப் பின்தொடர வேண்டியதில்லை. முகநூல் நட்பு அப்படி இல்லை, இரண்டு கையும் தட்ட வேண்டும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973லேயே எழுதினார், வேலை பற்றிய செய்தி போன்றவை நெருங்கியவர்களை விட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் அதிகம் வந்து சேர்கின்றன என்று. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். என் சொந்தபந்தத்தில் பாபின் கேஸைப் பற்றிப் பேச ஆள் கிடையாது.

கெட்டதும் இதே பாதையில்தான் வருகிறது. ஒருவரை முப்பது பேர் விசாரிக்கிற அதே வசதியில் முப்பதாயிரம் பேர் ஒருவரைச் சூழ்ந்து அடிக்கலாம், அதைக் கட்டுரை நன்றாகவே சொல்லியிருக்கிறது.

சொல்லாமல் விட்டது வேறு. எங்கள் வட்டம் இருந்த தளத்தில் ஒரு நாள் பதிவுகள் நேர வரிசையில் வருவது நின்றுபோய், அதிகம் லைக் வாங்கியது மேலே வர ஆரம்பித்தது. எங்கள் திருகுப் படங்களுக்கு ஏது லைக்? ஒருவர் கேட்பது இன்னொருவர் கண்ணில் படவே நான்கு நாள் ஆனது. சண்டை போட்டு யாரும் பிரியவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். பிறகு பாதிப் பேர் வேறொரு தளத்துக்கு மாறினோம். எழுதியது எதையும் எடுத்துப்போக முடியவில்லை, யார் யாரைப் பின்தொடர்ந்தோம் என்ற பட்டியல்கூட. பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடினேன். பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களில் இயங்குகிற மாஸ்டடான் போன்ற சமூக ஊடகங்களில் ஒரு சர்வரிலிருந்து வேறு சர்வருக்குப் போனால் பின்தொடர்பவர்களையாவது கூட்டிக்கொண்டு போகலாம், பழைய பதிவுகள் அங்கேயும் வராது. சமூகம் உருவாகுமா என்று கேட்பதை விட, உருவானது யார் கையில் இருக்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

அந்த அம்மா புதிய இடத்துக்கு வரவில்லை. பழைய தளத்தில் அவர் கணக்கு அப்படியே இருக்கிறது, கடைசிப் பதிவு யாரோ கேட்ட நூல் எண்ணுக்குச் சொன்ன பதில். நானும் அங்கே மாதம் ஒரு முறை அதே ஹாஷ்டேக்கில் ஒரு படம் போட்டுவிட்டு வருகிறேன்.

இணையப் பதிப்பிலாவது அந்த ஹாஷ்டேக் வரியைத் திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்